பிந்தி வந்த தண்ணீர்

மகள் ஜெனிட்டாவுக்கு நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், சித்திரை மாதத்து உச்சி வெயிலில், வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு அளவு மேகம்கூட இல்லாத நேரத்தில், வெள்ளைத்தருவை உப்பளத்தில் கித்தேரியம்மாள் உப்பு வாரிக்கொண்டிருந்த பாத்தியில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. முதலில் புதுச் சேலையை யாரோ ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல நீளமாக ஒரு சத்தம் கேட்டது. பிறகு தரை ஒரு குலுக்குக் குலுங்கி, உப்பு விளையும் காரத்தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. வரப்பில் நின்றிருந்த பெண்கள் அங்கங்கே குப்புற விழுந்தார்கள். கித்தேரி மட்டும் விழவில்லை. முகத்தில் தெறித்த காரத்தண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு, கல் எந்த இடத்தில் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி உப்பு வாரும் பலகையை இழுத்தாள். நாற்பத்தோரு நாளாக அவள் அப்படித்தான் இருந்தாள். எது வந்து விழுந்தாலும் ஓர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள்.

கல் ஒரு பூசணிக்காய் அளவு இருந்தது. அடுப்புக்கரி நிறம். அந்த வெயிலில் விழுந்த கல், தொட்டால் ஐஸ்கட்டிபோலக் குளிர்ந்தது. அவளோடு சேர்ந்து வாரும் சொர்ணம்தான் முதலில் கிட்டே போய்ப் பார்த்தவள். கல்லின் ஒரு பக்கத்தில் நூல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்து ஓடுவதைக் கண்டு, கடல்தண்ணீர்தான் தெறித்து வழிகிறது என்று நினைத்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தவள் அப்படியே குந்திவிட்டாள்.

"மைனி," என்றாள். "இது இனிக்கி, மைனி."

கித்தேரி திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளைத்தருவை தூத்துக்குடிக்குத் தெற்கே, ரோட்டை விட்டு மூன்று மைல் உள்ளே, நாலு பக்கமும் பாத்திகளுக்கு நடுவில் இருந்த அறுபது வீட்டுக் குடியிருப்பு. சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் நாக்கில் வைக்க ஒரு சொட்டு கிடையாது. குடிதண்ணீர் லாரி நாலு நாளைக்கு ஒருமுறை வரும், வீட்டுக்கு ஆறு குடம் பிடிக்கலாம், லாரி வராத வாரத்தில் அதுவும் இல்லை. உப்பு வாரும் பெண்கள் விடியுமுன்னே ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரோடு பாத்திக்குப் போவார்கள். அதையும் மிச்சம் பிடித்துத்தான் குடிப்பார்கள். தண்ணீர் குறைவு என்பது ஒரு காரணம். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்குவதற்கு அந்த வெட்டவெளியில் ஒரு செடி மறைவுகூடக் கிடையாது என்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம். அதனால் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பதினேழு வயதுக்குள்ளேயே கால் வீங்கும், பிறகு முகம் வீங்கும், பிறகு பெரியாஸ்பத்திரியில் சிறுநீரகம் போய்விட்டது என்பார்கள். தாயோடு உப்பு வாரிய ஜெனிட்டாவுக்குக் கார்த்திகையில் கால் வீங்கியது. பங்குனியில் அவளைப் புதைத்தார்கள். பதினேழு வயது. கித்தேரிக்கு அவள் ஒரே பிள்ளை. தகப்பன் தொம்மை, அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே கடலுக்குப் போய் வலையும் வரவில்லை வள்ளமும் வரவில்லை என்று ஆனவன். அதன்பிறகு கடலைப் பார்க்கவே மாட்டேன் என்று கடற்கரையை விட்டு, பிள்ளையோடு இந்த உப்புக்காட்டுக்கு வந்தவள் கித்தேரி.

கல் விழுந்த அன்று சாயங்காலம் கங்காணி பொன்னுத்துரை வந்து பார்த்தார். உப்புக்கு முதல் எதிரி மழை, இரண்டாம் எதிரி நல்லதண்ணீர் என்பது அவர் தொழில் பாடம். "யாரு இங்க நல்லதண்ணியத் தொறந்துவிட்டது? பாத்தியே கரைஞ்சு போவுமே!" என்று சத்தம் போட்டவர், கல்லைப் பார்த்தார், கசிவைப் பார்த்தார், ஒரு கை ஏந்திக் குடித்தார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "அந்தப் பாத்தியச் சுத்தி வரப்ப ஒசத்திக் கட்டுங்க. அது போவட்டும். இனி அது உப்புப் பாத்தி இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. தாகத்தில் பிறந்து தாகத்தில் வளர்ந்தவர்கள் தண்ணீரிடம் பூர்வீகம் விசாரிப்பதில்லை.

முதல் மூன்று நாள் குழந்தைகள் கையால் ஏந்திக் குடித்தார்கள். நாலாம் நாள் யாரோ ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கல்லுக்குக் கீழே வைத்தார்கள். அதற்குள் கசிவு நூல் கனத்திலிருந்து சுண்டுவிரல் கனத்துக்கு வந்திருந்தது. பத்தாம் நாள் கல்லுக்கு அடியில் சிமெண்டில் ஒரு தொட்டி கட்டி, தொட்டிக்கு ஒரு குழாய் வைத்தார்கள், குழாயடியில் பச்சையும் சிவப்பும் நீலமுமாகக் குடங்கள் வரிசை பிடித்தன. வரிசை உண்டான மறுநாளே வரிசைச் சண்டையும் உண்டாயிற்று. சண்டை உண்டானபோதுதான் அது நம்முடைய தண்ணீர் என்று எல்லோருக்கும் உறுதிப்பட்டது. உபதேசியார் வந்து இது மாதா இட்ட இரக்கம் என்றார். அம்மன்கோயில் பூசாரி வந்து, அம்மன் இறங்கி உட்கார்ந்திருக்கிறாள், மஞ்சள் சாத்த வேண்டும் என்றார். இரண்டு பேரும் ஒருநாள் முழுக்க வெயிலில் நின்று பேசி, கடைசியில் தாகம் எடுத்து, ஒரே செம்பில் குடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கும் ஆகும் அம்மனுக்கும் ஆகும் என்பதால் காலையில் மெழுகுவர்த்தி, மாலையில் சூடம் என்று முடிவு செய்தார்கள்.

பாத்தியை உயர்த்திக் கட்டிய வரப்பில் ஒரு எருக்கஞ்செடி முளைத்தது. அந்த உப்புக்காட்டில் முளைத்த முதல் செடி அது. அதைப் பார்க்க அடுத்த அளத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு தும்பை முளைத்தது. தும்பைக்கு வண்ணத்துப்பூச்சி வந்தது. தண்ணீர் இல்லாத ஊர் என்று பெண் கொடுக்காதவர்களும் பெண் எடுக்காதவர்களும் ஆள் அனுப்பி விசாரித்தார்கள். மாமியார் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடும் மருமகன்கள் இரண்டு நாள் தங்கி, இரண்டு வேளை குளித்தார்கள். லாரி வருவது நின்றது. லாரிக்காரர் மட்டும், ஓட்டம் இல்லாத நாட்களில், பழக்க தோஷத்துக்கு வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு செம்பு குடித்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் சேர்ந்து போய்க் கங்காணியிடம் நின்று பேசி, உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் பனையோலைத் தட்டி வைத்து மூன்று மறைப்புக் கட்டிக்கொண்டார்கள். தண்ணீர் இருந்தது, மறைப்பு இருந்தது. பெண்கள் வேலைக்கு நடுவே பலகையைச் சாத்திவிட்டு வந்து வயிறு முட்டக் குடித்தார்கள். அந்த ஊர் கண்டிராத காட்சி அது. ஆனி பிறப்பதற்குள் ஆறு பெண்பிள்ளைகளுக்குக் கால் வீக்கம் வற்றியது.

கித்தேரி அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. கல் விழுந்தது அவள் பாத்தி என்பதால், முதல் குடம் அவளுக்கு என்று ஊர் விட்டுவைத்திருந்தது; அவள் வாங்கவில்லை. தினமும் வேலை முடிந்ததும் ரோட்டுக்கு மூன்று மைல் நடந்து போய், டீக்கடைக் குழாயில் இரண்டு பாட்டில் பிடித்துக்கொண்டு மூன்று மைல் நடந்து வந்தாள்.

"என்ன மைனி இது, வீம்பு," என்றாள் சொர்ணம் ஒருநாள்.

"வீம்பில்லட்டி. எம்மவ குடிக்காத தண்ணி எனக்கு எதுக்கு?"

 அதற்குமேல் சொல்லச் சொர்ணத்துக்கு வாய் வராது. வீக்கம் வற்றிய ஆறு பிள்ளைகளில் ஒருத்தி அவள் மகள், முறை பாராமல் கித்தேரியைச் சித்தி என்று கூப்பிடும் பதின்மூன்று வயது சண்முகக்கனி.

ஆனி மாதத்தில் டாக்டர் சுகுணா வந்தார். வானத்திலிருந்து விழும் கற்களை ஆராயும் இடத்திலிருந்து டாக்டர் வருகிறார் என்று கங்காணி சொன்னதில் டாக்டர் என்பது மட்டும் ஊர் காதில் விழுந்து, ஜீப் வந்து நின்றபோது முப்பது பெண்கள் சேலையைக் கெண்டைக்காலுக்குத் தூக்கி, புண்ணையும் வீக்கத்தையும் காட்டிக்கொண்டு நின்றார்கள். சுகுணாவுக்கு ஐம்பது வயது இருக்கும், நரையை மறைக்காத தலை. அவர் ஒவ்வொரு காலையும் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு சொன்னார்: "அம்மா, நான் அந்த டாக்டர் இல்லை. நான் கல்லுக்கு டாக்டர்."

"நல்லதாப் போச்சு," என்றாள் கூட்டத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த கித்தேரி. "கல்லுக்கு வைத்தியம் பாக்க ஜீப்புல ஆளு வருது."

சுகுணா அதைக் கேட்டுக்கொண்டார். யார் என்று விசாரித்துக்கொண்டார். பன்னிரண்டு நாள் தங்கினார். தினமும் காலையில் கல்லை எடுத்துத் தராசில் வைத்து எடை பார்ப்பார். ஒன்பது கிலோ இருநூறு கிராம். அன்று முழுவதும் அது அறுபது வீட்டுக்கும் தண்ணீர் கொடுக்கும். மறுநாள் காலை எடை பார்ப்பார். ஒன்பது கிலோ இருநூறு கிராம். முதல் நாள் தராசைச் சரிபார்த்தார், இரண்டாம் நாள் வேறு தராசு வரவழைத்தார், மூன்றாம் நாளிலிருந்து வெறுமனே நோட்டில் எழுதிக்கொண்டார். ஏழாம் நாள், வேலை முடிந்து கித்தேரி பாட்டில்களோடு ரோட்டுக்கு நடக்கும்போது கூடவே நடந்தார். அரை மைல் நடந்திருப்பார்கள்.

"அது எப்படி வந்திச்சு?" என்று கித்தேரிதான் கேட்டாள். ஊரில் யாரும் கேட்காத கேள்வி அது.

சுகுணா யோசித்துச் சொன்னார். "உங்களுக்குத் தெரிஞ்சதை வச்சே சொல்றேன். கடல்தண்ணிக்குள்ள உப்பு இருக்கு, கண்ணுக்குத் தெரியுதா? நீங்க அதைப் பாத்தியில விட்டு, வெயில் காட்டி, வெளியே எடுக்கிறீங்க. அது மாதிரி இந்தக் கல்லுக்குள்ள தண்ணி இருக்கு. ஈரமா இல்லை. கல்லோட கல்லா, அடுக்கடுக்கா இருக்கிற களிமண்ணுக்குள்ள கட்டுண்டு கிடக்கு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இந்த மாதிரி லட்சக்கணக்கான கல்லுங்க சூரியனைச் சுத்திக்கிட்டிருக்கு. சிறுகோள்னு சொல்லுவோம். பூமி உண்டான காலத்துல மிஞ்சிப்போன கல்லுங்க அதெல்லாம். எங்க கிட்ட இருக்கிற கல்லைப் பொடிச்சு, சூடு பண்ணினா ரெண்டு சொட்டு வரும். இது குடம் குடமாத் தருது. அது ஏன்னு எனக்குத் தெரியலை."

"பூமியில அப்பத் தண்ணி இல்லையா?"

"பூமி உண்டானது சூரியனுக்குப் பக்கத்துல. அடுப்புக்குப் பக்கத்துல ஈரத்துணி போட்டா என்ன ஆகும்? அதனால பூமி காய்ஞ்சுதான் பிறந்துச்சு, பிறகு குளிர்ந்த தூரத்துல உண்டான இந்த மாதிரி கல்லுங்க வந்து விழுந்து விழுந்துதான் கடலே உண்டாச்சுன்னு ஒரு கட்சி. இல்லை, பூமியோட கல்லுக்குள்ளயே ஆரம்பத்துலேர்ந்து கொஞ்சம் இருந்துச்சுன்னு இன்னொரு கட்சி. இன்னும் முடிவாகலை. இந்தக் கல்லு ஒரு சாட்சி. அதனாலதான் வந்தேன்."

கித்தேரி நின்றுவிட்டாள். "கடலும் இதுதானா?"

"ஒரு பங்கு இதுவா இருக்கலாம்."

"என் வீட்டுக்காரர் போனது கடல்ல. தண்ணி மிஞ்சிப் போயி அவரு போனாரு. தண்ணி பத்தாம புள்ள போனா." இதைச் சொல்லிவிட்டு அவள் மறுபடி நடந்தாள். கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள்: "அந்தக் கல்லு அங்கிருந்து எப்பக் கெளம்புச்சு?"

"இன்னொரு கல்லு மோதித் தெறிச்சு, தனியாக் கிளம்பி, சுத்தி அலைஞ்சு இங்க வந்து சேர இருபது லட்சம் வருசம் ஆகியிருக்கும். அப்படி அலைஞ்ச தழும்பு கல்லு மேல இருக்கு."

"இருபது லட்சம் வருசம்."

"ஆமா."

"இருபது லட்சம் வருசம் வந்ததுக்கு," என்றாள் கித்தேரி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, குரல் உயராமல், "ஒரு நாப்பத்தோரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா, டாக்டரம்மா?"

சுகுணா கற்களைப் பற்றி முப்பது வருசமாகப் படித்தவர். அந்தக் கணக்கை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"கடல் வாரதுக்கு முந்தி," என்று கித்தேரியே மறுபடி கேட்டாள், "பூமியில தாகம்னு ஒரு உசிராவது இருந்துச்சா?"

"இல்லைம்மா. அப்ப உயிரே இல்லை. வெறும் பாறைதான்."

"கேக்க ஆளில்லாத எடத்துக்கு எல்லாம் முந்தி வந்திருக்கு," என்றாள் அவள். "கேட்டுக் கெடந்த எடத்துக்குப் பிந்தி வந்திருக்கு."

டீக்கடை வந்துவிட்டது. இரண்டு பாட்டிலும் நிறையும்வரை சுகுணா பக்கத்தில் நின்றார். திரும்பும்போது ஒரு பாட்டிலை அவர் வாங்கிச் சுமந்துகொண்டார்.

அதற்கு அடுத்த நாள்தான் அது நடந்தது. பெண்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்த நேரம். சண்முகக்கனி தொட்டியடியில் குடத்தை வைத்துவிட்டு, குடம் நிறையும்வரை சும்மா நிற்க முடியாமல், ஒற்றைக் காலில் நொண்டியடித்து விளையாடினாள். மாசி மாதத்தில் அந்தக் கால்கள் வாழைத்தண்டுபோல இருந்தன; அழுத்தினால் விரல் பதிந்து குழியாக நிற்கும். இப்போது கணுக்கால் எலும்பு தெரிந்தது, கொலுசு கீழே நழுவி ஆடியது. கித்தேரி அந்தக் கணுக்காலைப் பார்த்தாள். பார்த்தபோது அவளுக்குள் எழுந்தது என்னவென்று அவளுக்கே தெரிந்திருந்ததுதான் கொடுமை. இந்தப் பிள்ளை ஏன் இருக்கிறது என்பதுதான் அது. ஒரு சின்னப் பிள்ளையின் காலைப் பார்த்து இப்படி நினைக்கும்படி ஆகிவிட்டோமே என்று நெஞ்சு வெடித்து எழுந்தவள், வரப்பு வெட்டக் கொண்டு வந்திருந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். பிள்ளை பயந்து விலகியது. கித்தேரி கல்லுக்கு முன்னால் நின்று கடப்பாரையை ஓங்கினாள்.

கஞ்சிச் சட்டியை விட்டுவிட்டு ஊர் ஓடி வந்தது. கங்காணி, "பிடிங்க அவளை!" என்று கத்தினார். அறுபது வீட்டுத் தண்ணீர் அது. ஆனால் சொர்ணம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"யாரும் கிட்டப் போவாதிய. அவ பாத்தி. அவ கல்லு. என்ன செய்யணுமோ செய்யட்டும்."

முதல் அடி வழுக்கியது. இரண்டாம் அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த இடத்திலிருந்து முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை கிளம்பி அந்த வெட்டவெளி முழுக்கப் பரவியது. தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடித்தவள்மேல் அதற்கு வருத்தமும் இல்லாததுபோல, பழையபடி ஓடியது. மூன்றாம் அடிக்கு அவள் ஓங்கும்போது சண்முகக்கனி வந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, கல்லை அடிக்காதிய சித்தி. என்னைய அடிங்க."

"எட்டப் போட்டி!"

"நான்தான் சித்தி குடிச்சேன். ஜெனிக்கா பாட்டில்ல பாதிய நான்தான் குடிச்சேன். எனக்குக் கால் வீங்குனதுலேர்ந்து தெனமும் தந்தா. எனக்குத் தாகமே இல்லட்டி, நீ குடின்னு சொல்லுவா. அம்மாட்டச் சொல்லாதன்னு சொன்னா. தாகமில்லன்னுதான் நான் நெனைச்சேன் சித்தி. நெசமாவே இல்லன்னுதான் நெனைச்சேன்."

 சொர்ணம் விரித்த கையை மடக்க மறந்து அப்படியே நின்றாள். அவளுக்கும் அது தெரியாது.

கித்தேரி கேட்டாள்: "எத்தனை நாளு?"

"பொங்கலுக்கு முன்னாலேர்ந்து."

"ஆஸ்பத்திரிக்குப் போறவரைக்குமா?"

பிள்ளை தலையை அசைத்தது.

கித்தேரி கடப்பாரையைப் போடவில்லை. தூக்கி எறியவும் இல்லை. குழந்தையின் கையை அதிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு, கடப்பாரையை வரப்பின்மேல் படுக்க வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். மூன்று நாள் கதவு திறக்கவில்லை. உள்ளே அவள் அழுதாளா தூங்கினாளா என்று ஊருக்குத் தெரியாது. தினமும் வேலைக்குப் போகும் பெண்கள் அந்தக் கதவைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு நடந்தார்கள். நான்காம் நாள் அவள் வெளியே வந்து நேராகச் சுகுணா தங்கியிருந்த அறைக்குப் போனாள். சேலை முந்தியில் அந்தச் சில்லை முடிந்து வைத்திருந்தாள்.

"கடலும் இதுதானான்னு இதுல பாத்தா தெரியுமா?"

"தெரியும்மா. இவ்வளவே தாராளம். நான் கேக்கலாமான்னு தயங்கிக்கிட்டிருந்தேன்."

"கொண்டுபோங்க. பாத்திட்டு எனக்குச் சொல்லுங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க."

சுகுணா கிளம்பிப் போனார். ஆவணியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. கித்தேரிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அதனால் பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருந்தார். தண்ணீரிலே லேசான தண்ணீரும் கனத்த தண்ணீரும் கலந்திருக்கும் என்றும், எந்த அளவில் கலந்திருக்கிறது என்பதுதான் தண்ணீரின் பிறப்பு அடையாளம் என்றும், அந்தச் சில்லுக்குள் இருந்த தண்ணீரின் அடையாளமும் கடலின் அடையாளமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கின்றன என்றும் எழுதியிருந்தார். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு சூரியன் பிறப்பதற்கும் முந்தியதாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: "நீங்கள் கேட்ட நாற்பத்தோரு நாளுக்கு என்னிடம் விடை இல்லை. அதை நான் யாரிடமும் கேட்கவும் முடியாது. ஆனால் தினமும் நினைத்துக்கொள்கிறேன்."

கித்தேரி அதை மூன்று முறை படித்தாள். பிறகு பதினோரு வருசத்துக்குப் பின் முதல்முறையாக, தனியே, பாத்திகளைத் தாண்டிக் கிழக்கே நடந்து போய்க் கடலைப் பார்த்தாள். வெயில் ஏறியிருந்தது. அலை வந்து காலைத் தொட்டபோது பின்வாங்கவில்லை. "எல்லாம் ஒரே தண்ணிதானாம்," என்று கடலிடம் சொன்னாள். "வேண்டிய எடத்துல வேண்டிய நேரத்துல நிக்கத்தான் ஒனக்குத் தெரியல." கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். மன்னித்தாளா என்றால், இல்லை. திட்டி முடித்தாள், அவ்வளவுதான்.

புரட்டாசியில் சண்முகக்கனி பெரியமனுஷி ஆனாள். ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதென்று வைத்தார்கள். வெள்ளைத்தருவையில் ஒரு பெண்பிள்ளைக்குக் குறையில்லாமல் தண்ணீர் ஊற்றிச் சடங்கு நடப்பது அதுதான் முதல்தடவை என்பதால் ஊரே தன் வீட்டுச் சடங்குபோல ஆடியது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் சொர்ணம் கித்தேரி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மைனி, மொதத் தண்ணி நீங்க ஊத்தணும்."

"கிறுக்காட்டி ஒனக்கு? தாலியறுத்தவ நான். பெத்த புள்ளையையும் குழியில வச்சவ. மங்கலக் காரியத்துக்கு என்னைய வந்து கூப்பிடுத. அவ அத்தைமாரு இல்லையா?"

"அத்தைமாரும் அதான் சொல்லுதாவ. புள்ள கேக்க மாட்டேங்கா. சித்தி ஊத்தலன்னா குளிக்கவே மாட்டேன்னு உக்காந்திருக்கா." சொர்ணம் வாசற்படியில் குந்திவிட்டாள். "எனக்கும் அதான் மைனி மனசு. எம்புள்ள ஒடம்புல ஓடுத ரத்தத்துல பாதி ஒங்க புள்ள ஊத்துன தண்ணி. நான் யாரைக் கூப்பிடுவேன்?"

கித்தேரி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு போனாள். பலகைமேல் உட்கார்ந்திருந்த பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்து, பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டது. அத்தைமார் ஒதுங்கி வழிவிட்டார்கள். பக்கத்தில் தொட்டியிலிருந்து பிடித்த தண்ணீர், குடம் குடமாக, மஞ்சள் கலந்து வரிசையாக இருந்தது. கித்தேரி அந்தத் தண்ணீரில் அன்றுதான் முதல்முதலாகக் கை வைத்தாள். நல்ல குளிர்ச்சி.

ஜெனிட்டாவுக்குச் சடங்கு வைத்த வாரம் லாரி வரவில்லை. வீட்டில் இருந்தது ஒன்றரைக் குடம். அரைக் குடத்தைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு ஒரு குடத்தைத்தான் கித்தேரி ஊற்றினாள். தலை முழுக்க நனையவில்லை, பின்னந்தலையில் மயிர் காய்ந்தே இருந்தது. ஜெனிட்டா அதைத் தடவிப் பார்த்து, "போதும்" என்று சொல்லவில்லை, "இன்னும்" என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள்.

கித்தேரி முதல் குடத்தைத் தூக்கிக் கனியின் தலையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அத்தைமாரிடம் குடத்தைக் கொடுக்க வேண்டியதுதான் முறை. அவள் கொடுக்கவில்லை. இரண்டாம் குடத்தை எடுத்து ஊற்றினாள். மூன்றாம் குடத்தை எடுத்தாள். பின்னந்தலையில் ஊற்றினாள், முடியைப் பிரித்துப் பிரித்து வேர்க்காலில் ஊற்றினாள், காதுக்குப் பின்னால் ஊற்றினாள், தோளில், முதுகில், அந்தக் கணுக்காலில் ஊற்றினாள். வரிசையில் இருந்த குடங்கள் தீர்ந்தன. யாரும் அவளைத் தடுக்கவில்லை. குலவையிட வந்த பெண்கள் குலவையை மறந்து, வெறும் குடங்களை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு ஓடி, நிறைத்து நிறைத்துக் கைமாற்றிக் கொடுத்தார்கள். கங்காணி பொன்னுத்துரையும் ஒரு குடம் சுமந்தார். தண்ணீர் வாசலில் நிறைந்து, தெருவில் இறங்கி, பாத்திகளைப் பார்த்து ஓடியது. கித்தேரியின் கண், எதிரே இருந்த பிள்ளையைப் பார்த்ததா, வேறு யாரையாவது பார்த்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பல்லோடு பல் தந்தியடிக்க, இரண்டு கையாலும் குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு கனி சொன்னாள்:

"போதும் சித்தி. குளிருது."

கித்தேரி நின்றாள். ஒரு பெண்பிள்ளை தண்ணீரைப் பார்த்துப் போதும் என்று சொல்லி அந்த ஊரில் அவள் கேட்டதில்லை. அங்கே யாருமே கேட்டதில்லை. அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"சரிட்டி," என்றாள்.

பிறகு பிள்ளையைத் தன் முன்னால் இழுத்து உட்கார்த்தி, தன் முந்தியாலேயே அந்தத் தலையைத் துவட்டத் தொடங்கினாள். நீளமான முடி, ஒவ்வொரு கற்றையாகப் பிழிந்து, ஒவ்வொரு கற்றையாகத் துவட்டினாள். பாதியில்தான் அவளுக்கு அழுகை வந்தது. ஆறு மாதமாக வராத அழுகை, வாய்விட்டு, மகளின் பேரைச் சொல்லிச் சொல்லி. மங்கல வீட்டில் அப்படி அழக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. சமைத்தது ஆறியது. பந்தி விரிக்காமல் ஊர் முழுவதும் ஈரத் தெருவில் நின்றுகொண்டிருந்தது. கனி தலையை அசைக்காமல், முடி காய்ந்தபிறகும், அவள் துவட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.